மூடும் ஆண்டைக் குறித்துவிட்டு நடந்த அறக்கட்டளை: அவி ஹாய் பற்றிய நிகழ்வு ஆய்வு

அவி ஹாய் அறக்கட்டளை 1984இல் தொடங்கப்பட்டது. வட அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும், பின்னாளில் முன்னாள் சோவியத் நாடுகளிலும் யூதக் கல்விக்கும் சமூக வாழ்வுக்கும் மானியம் தந்தது. 2019 முடிவோடு அந்த வேலையை நிறுத்திக்கொண்டது. இந்த முடிவு பத்தாண்டுக்கும் முன்பே எடுக்கப்பட்டது. மூலதனத்தை நிரந்தரமாக வைத்து வட்டியில் வாழ்வதில்லை, குறித்த காலத்துக்குள் முழுவதையும் செலவிட்டு முடிப்பது என்று அறங்காவலர்கள் தீர்மானித்தார்கள்.

இப்படி முடித்துக்கொண்ட அறக்கட்டளைகள் வேறும் உண்டு. சியர்ஸ் நிறுவனத்தின் ஜூலியஸ் ரோசன்வால்ட், தாம் இறந்து 25 ஆண்டுகளுக்குள் தமது நிதியம் முழுவதையும் செலவிட வேண்டும் என்று விதித்திருந்தார். அவர் 1932இல் இறந்தார். நிதியம் 1948இலேயே மூடியது. பர்த்ரைட் இஸ்ரேல் பயணத் திட்டத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான சார்ல்ஸ் பிரான்ஃப்மனின் குடும்ப அறக்கட்டளையும் 2016இல் கதவை மூடியது. ஆனால் மூடும் காலத்தில் என்ன நடந்தது என்பதை வெளியார் படிக்கும்படி விட்டுச் சென்றவர்கள் குறைவு. அவி ஹாய் அதைச் செய்தது. டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோயல் ஃபிளைஷ்மனை அழைத்து, முடிவை நோக்கிய பயணத்தை அவர் எழுதும் தொடர் அறிக்கைகளாக வெளியிட்டது. சங்கடமான விஷயங்களும் அவற்றில் இருக்கின்றன. யூத அறப்பணித் தலைமை பற்றி யோசிப்பவர்கள் இந்த நிகழ்வை எடுத்துப் பார்க்க வேண்டியதற்கு அது ஒரு காரணம்.

நிறுவனர்

ஸால்மன் பெர்ன்ஸ்டைன் 1967இல் நியூயார்க்கில் சான்ஃபோர்ட் சி. பெர்ன்ஸ்டைன் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர். சமய வாழ்வுக்குள் அவர் வந்தது நடுவயதில். தந்தை இறந்தபோது, இறந்தவருக்காகச் சொல்லும் காதிஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது; எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மன்ஹாட்டனில் லிங்கன் ஸ்கொயர் தொழுகைக்கூடத்தின் ரபியாக (யூதச் சமய குருவாக) இருந்த ஷ்லோமோ ரிஸ்கின் அவருக்கு வழிகாட்டினார். காதிஷைத் தனியாகச் சொல்ல முடியாது, பத்துப் பேர் கூடியாக வேண்டும். பெற்றோருக்காகப் பதினோரு மாதம் நாள்தோறும் சொல்வது மரபு. அந்த ஒழுங்கு ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அவர் தம் உடம்பிலேயே அறிந்திருந்தார். பின்னர் ஜெருசலேமில் குடியேறினார்.

அறக்கட்டளையின் நோக்கக் குறிப்பில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, யூத மரபையும் வழக்கங்களையும் சட்டங்களையும் மக்கள் புரிந்து, மதித்து, கடைப்பிடிக்கும்படி செய்வது. மற்றொன்று, வெவ்வேறு அளவில் சமயப் பிடிப்புள்ள யூதர்களுக்கிடையே பரஸ்பரப் புரிதலை வளர்ப்பது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கக்கூடியவை. கடைப்பிடித்தலை வலியுறுத்தினால் மதச்சார்பற்றவர் விலகுவார். பன்மையை வலியுறுத்தினால் பழமைப்பிடிப்புள்ளவர் முகம் சுளிப்பார். அறங்காவலர் குழுவையே கலவையாக வைத்திருந்தது இதற்கு ஓரளவு ஈடுகொடுத்தது. ஹார்வர்டில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷின் இலக்கியம் கற்பித்த ரூத் வைஸும் எபிரேயப் பல்கலைக்கழகத் தத்துவவாதி மெயிர் புஸாக்லோவும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள்.

பெர்ன்ஸ்டைன் 1999 ஜனவரியில் காலமானார். தலைமை ஆர்தர் ஃபிரைடிடம் வந்தது. இஸ்ரேலில் ராத்ஸ்சைல்ட் குடும்பத்தின் யாத் ஹனாதிவ் அறக்கட்டளையை நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. அவருக்குப் பின் நிறுவனரின் துணைவியார் மெம் பெர்ன்ஸ்டைன் தலைவரானார். வட அமெரிக்க அலுவலகத்தை யோசி பிரேகர் 1994இலிருந்து முடியும்வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள், நடத்தினார். இந்த நீண்ட தொடர்ச்சியை வெறும் பணிமூப்பு என்று கடந்துபோக முடியாது. மூடப்போகும் நிறுவனத்தில் தலைமை நிர்வாகி நடுவழியில் மாறினால், புதியவர் தம் முத்திரையாகப் புதுத் திட்டம் ஒன்றைத் தொடங்குவார். அது முதிரும் முன் பணம் நின்றுவிடும். அவி ஹாயில் அந்த ஆபத்து வரவில்லை.

தேதியும் கணக்கும்

அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளை ஒன்று, முதலீட்டுச் சொத்தின் மதிப்பில் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதத்தைச் செலவிட்டே ஆக வேண்டும். நிரந்தரமாக இருக்க நினைப்பவை பெரும்பாலும் அந்த அளவிலேயே நிற்கும். முடிவுத் தேதி வந்துவிட்டால் கணக்கு தலைகீழாகிறது. கையில் 100 டாலர், விலைவாசி உயர்வு போக 5 சதவீத வருமானம் என்று வையுங்கள். 15 ஆண்டில் முடிக்க வேண்டுமானால் ஆண்டுக்கு 9.6 டாலர் செலவிடலாம். 10 ஆண்டு என்றால் ஏறக்குறைய 13. 5 ஆண்டு என்றால் 23. பள்ளிகளுக்கும் பிள்ளைகளின் கோடைகால முகாம்களுக்கும் போகும் தொகை நிரந்தர அறக்கட்டளை தருவதைப் போல இரண்டு மடங்காகவோ நான்கு மடங்காகவோ ஆகிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாங்குகிறவர் அந்தப் பெரிய தொகைக்குத் தம் செலவை வளர்த்துக்கொள்வார், ஆட்களை எடுப்பார், பிறகு ஒரே நாளில் அது பூஜ்யமாகும். செலவிட்டு முடிக்கும் அறக்கட்டளைகளின் முதல் சிக்கல் இதுதான்: கடைசி ஆண்டுகளின் தாராளமே வாங்குகிறவரைப் பலவீனமாக்கும்.

இன்னொரு சிக்கல் சந்தை. மேலே சொன்ன 15 ஆண்டுத் திட்டத்தில் முதலாண்டே மூலதனம் 25 சதவீதம் சரிந்தால், ஆண்டுச் செலவை 9.6இலிருந்து 7.2க்கு இறக்க வேண்டும். இறக்காமல் 9.6ஐயே தொடர்ந்தால் பணம் பத்து ஆண்டில் தீர்ந்துவிடும். 2008 சரிவு அவி ஹாய்க்கு முடிவுத் தீர்மானம் எடுத்த சில ஆண்டுகளிலேயே வந்தது. நிரந்தர அறக்கட்டளையென்றால் சந்தை மீளும்வரை காத்திருக்கலாம். தேதி குறித்தவருக்குக் காத்திருக்க நாள் இல்லை. ஆகவே மூடுவதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, பத்தாண்டு பூட்டப்படும் தனியார் பங்கு நிதிகளில் புதிதாகப் போடுவதை நிறுத்த வேண்டும். வாக்களித்த மானியங்களின் கெடுத் தேதிகளோடு பொருந்தும் கடன் பத்திரங்களுக்கு மாற வேண்டும். கடைசி இரண்டு ஆண்டுக்கான பணம் பங்குச் சந்தையில் இருக்கவே கூடாது. முதலீட்டுக் குழுவும் மானியக் குழுவும் தனித்தனியாகக் கூடும் அறக்கட்டளைகளில் இது தவறிப்போகும். ஒரு குழு பெருக்குவதையே யோசிக்கும், மற்றொன்று கொடுப்பதையே யோசிக்கும். இரண்டு அட்டவணைகளையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இராது. அந்தத் தாளைத் தலைவர்தான் கையில் வைத்திருக்க வேண்டும்.

அவி ஹாய் யூதப் பள்ளிகளுக்கும், பிற்பாடு முகாம்களுக்கும், கட்டடம் கட்ட வட்டியில்லாக் கடன் தந்துவந்தது. நல்ல கருவி இது: திரும்பி வரும் பணம் அடுத்த பள்ளிக்குப் போகும், ஒரே டாலர் பல கட்டடங்களைப் பார்க்கும். ஆனால் முடிவுத் தேதி முதலில் கடிப்பதும் இதைத்தான். 2019இல் மூடும் நிறுவனம் ஐந்தாண்டுக் கடனை 2014க்குப் பின் தர முடியாது. பத்தாண்டுக் கடனென்றால் 2009தான் எல்லை. அதைத் தாண்டித் தர வேண்டுமானால் தவணையைக் குறுக்க வேண்டும், அல்லது மீதக் கடனை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றும் பிரிவைப் பத்திரத்திலேயே எழுதிவைக்க வேண்டும். கடன் கொடுத்த பிறகு அந்தப் பிரிவைச் சேர்க்கப் பள்ளியின் நிர்வாகக் குழுவும் அதற்கு உத்தரவாதம் தந்த வங்கியும் மறுபடி கையெழுத்திட வேண்டியிருக்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

தனியாக நடந்ததன் விலை

பல ஆண்டுகள் அவி ஹாய் தன் திட்டங்களைத் தானே வடிவமைத்து, தானே முழுப் பணமும் போட்டு நடத்தியது. அறங்காவலர்கள் வெறுமனே ஒப்புதல் தருபவர்களாக இருக்கவில்லை. திட்டங்களுக்குள் இறங்கி வேலை செய்தார்கள். பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி, பள்ளித் தலைவர் பயிற்சி என்று எல்லாவற்றிலும் அவர்கள் பார்வை இருந்தது. அதனால் தரம் இருந்தது, தெளிவும் இருந்தது. வட அமெரிக்காவில் ஒவ்வொரு திட்டத்தையும் மூன்று அளவுகோல்களில் வைத்துப் பார்த்தார்கள்: யூத நூல்களிலும் எபிரேயத்திலும் தேர்ச்சி, சமய நோக்குள்ள வாழ்வு, யூத மக்களோடும் இஸ்ரேலோடும் பிணைப்பு. ஒரு பள்ளி முதல்வருக்கு, தான் ஏன் மானியம் பெற்றேன், ஏன் பெறவில்லை என்று புரிந்துகொள்ள இது உதவியது. பல அறக்கட்டளைகளின் வாசலில் அது தெரியாமலே திரும்புகிறவர்கள் ஏராளம்.

ஆனால் ஒரே கொடையாளியின் கையில் வளர்ந்த திட்டத்துக்கு வேறு கொடையாளி கிடைப்பது கடினம். புதிதாக வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, ‘இது அவர்களுடைய திட்டம்தானே, நான் ஏன் தூக்க வேண்டும்?’ என்பதுதான். தான் வடிவமைக்காத ஒன்றுக்கு முழுப் பொறுப்பேற்க எந்த அறக்கட்டளையும் எளிதில் முன்வராது. கூட்டாளிகளைத் தேடும் வேலையை அவி ஹாய் தாமதமாகத் தொடங்கியது என்பதை ஃபிளைஷ்மனின் அறிக்கைகளும் மறைக்கவில்லை. எங்கள் மதிப்பீட்டில் இந்த முழு நிகழ்விலும் இதுதான் மிகக் கனமான பாடம். கூட்டாளியைக் கூப்பிட வேண்டியது திட்டம் வெறும் தாளில் இருக்கும்போது. அப்போது அவர் ஒரு பத்தியை மாற்றலாம், தன் ஊரைச் சேர்க்கலாம். அந்த மாற்றமே அவரைப் பிடித்து நிறுத்தும்.

எண்களில் பார்ப்போம். ஒரு கல்வி அமைப்பின் ஆண்டுச் செலவு 20 லட்சம் டாலர். அதில் 12 லட்சம் ஒரே அறக்கட்டளையிலிருந்து வருகிறது. சராசரி 5,000 டாலர் தருபவர்களைக் கொண்டு இதை ஈடுசெய்ய 240 பேர் வேண்டும். முதல்முறை தருபவர்களில் பாதிக்கு மேல் அடுத்த ஆண்டு திரும்புவதில்லை. ஆகவே 240ஐ நிலைநிறுத்த ஐந்நூறுக்கும் மேல் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு முழுநேர நிதிதிரட்டுநர், தரவுத்தளம், பேசத் தெரிந்த இயக்குநர் குழு வேண்டும். நிதிதிரட்டுநர் ஊரை அறியவே முதலாண்டு போய்விடும். பலர் இரண்டாம் ஆண்டில் வேலை மாறிவிடுவார்கள். இதையெல்லாம் கூட்டினால், நான்கு அல்லது ஐந்து ஆண்டுக்குக் குறைந்து எந்த அமைப்பும் தன் பாதி வருவாயை மாற்றிக்கொள்ள முடியாது. கடைசி இரண்டு ஆண்டில் அறிவிப்புக் கடிதம் அனுப்பும் அறக்கட்டளை, அந்த அமைப்பையும் தன்னோடு சேர்த்து மூடுகிறது.

ஆகவே மானியத்தை ஒரேயடியாக நிறுத்தாமல் 12, 10, 7.5, 5, 2.5 லட்சம் என்று ஐந்தாண்டில் இறக்கலாம். அதோடு, புதிய கொடையாளி தரும் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் என்று ஈடுதொகை வைக்கலாம். முதல்முறை தரும் கொடையாளிகளை யூதப் பள்ளிகளுக்குக் கொண்டுவர அவி ஹாய் இத்தகைய ஈடுதொகையைப் பயன்படுத்தியது. ஓட்டை எங்கே வரும் என்றால், ஏற்கெனவே தருகிற ஒருவர் தம் மகன் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ காசோலை எழுதித் தருவார். அதைப் புதுக் கொடை என்று காட்டுவார்கள். கடந்த ஐந்தாண்டில் அந்தக் குடும்பத்திலிருந்து எதுவும் வரவில்லை என்று ஒப்பந்தத்திலேயே வரையறுக்காவிட்டால், ஈடுதொகை தீர்ந்தபின் கொடையாளிகளின் எண்ணிக்கை பழைய இடத்திலேயே இருக்கும்.

அவி ஹாயின் பிற்காலத் திருத்தம் சரியான திசையில் இருந்தது: திட்டச் செலவுக்கு மட்டும் பணம் தருவதிலிருந்து, அமைப்பையே நிற்கவைக்கும் திறனுக்குப் பணம் தருவதற்கு நகர்ந்தது. வணிகத் திட்டம் எழுத, நிதி திரட்ட, இயக்குநர் குழுவை வலுப்படுத்த ஆலோசகர்கள் வந்தார்கள். இதில் அறக்கட்டளை அலுவலர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாடத்திட்டம் பற்றிப் பேசிப் பழகியவர் இனி வரவுசெலவுப் பட்டியலையும் ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பையும் பற்றிப் பேச வேண்டும். எல்லோராலும் அது முடிவதில்லை.

பள்ளிகள்

யூத முழுநேரப் பள்ளி என்பது தோரா என்ற யூத வேதமும் எபிரேயமும் கணக்கும் அறிவியலும் ஒரே கூரையின்கீழ் கற்பிக்கும் தனியார் பள்ளி. கட்டணம் பெற்றோர் தலையில். அவி ஹாய் ஆதரவில் மார்வின் ஷிக் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இப்பள்ளிகளைக் கணக்கெடுத்தார். 1998-99இல் சுமார் 1,85,000 மாணவர்கள் இருந்தார்கள். 2013-14இல் 861 பள்ளிகளில் சுமார் 2,55,000 பேர். மேலோட்டமாகப் பார்த்தால் வெற்றி. ஆனால் அந்த வளர்ச்சி ஏறக்குறைய முழுவதும், சமய விதிகளைக் கடுமையாகக் கடைப்பிடிக்கும் ஹசிதிய, யெஷிவா உலகப் பள்ளிகளில் நடந்தது. பெரிய குடும்பங்களும் பள்ளி என்பது விருப்பத் தேர்வாக இல்லாத சூழலும் அதற்குக் காரணம். யூத சமயத்தில் நடுவழிப் பிரிவான கன்சர்வேடிவ் இயக்கத்தைச் சேர்ந்த ஷெக்டர் பள்ளிகள் அதே காலத்தில் 63இலிருந்து 39ஆகக் குறைந்தன. நடுவில் இருக்கும் குடும்பங்களை மரபுக்கு அருகே கொண்டுவர நினைத்த ஓர் அறக்கட்டளைக்கு இந்த இரண்டாவது எண் வலிக்கக்கூடியது. மொத்த எண்ணைக் காட்டி மகிழாமல் பிரிவுவாரியாகவே வெளியிட்டது பாராட்டத்தக்கது. இயக்குநர் குழு அறிக்கைகளில் பெரும்பாலும் மொத்தம்தான் முதல் பக்கத்தில் வரும்.

இந்தப் பள்ளிகளுக்கு ஆதரவு தர ஐந்து தனித்தனி அமைப்புகள் இருந்தன: எந்தப் பிரிவையும் சாராத சமுதாயப் பள்ளிகளுக்கு ராவ்சாக், கன்சர்வேடிவ் பிரிவுக்கு ஷெக்டர் வலையமைப்பு, தாராளப் போக்குள்ள ரிஃபார்ம் பிரிவுக்குப் பார்டெஸ், சமய விதிகளைக் கடைப்பிடித்தபடி நவீன வாழ்வையும் ஏற்கும் நவீன ஆர்தடாக்ஸ் பள்ளிகளுக்கு யெஷிவா பல்கலைக்கழகத்தின் பள்ளிக் கூட்டுத் திட்டம், எல்லோருக்கும் பொதுவாக 1997இல் தோன்றிய பீஜே. ஐந்து இயக்குநர் குழு, ஐந்து அலுவலகம், அதே கொடையாளிகளின் கதவில் ஐந்து தட்டல். 2016இல் இவை ஐந்தும் சேர்ந்து பிரிஸ்மா என்ற ஒரே அமைப்பாயின. அவி ஹாய் பின்னால் நின்று ஊக்கியது. மூடப்போகும் அறக்கட்டளையால் மட்டுமே சொல்ல முடிந்த ஒரு வாக்கியம் இதற்கு உதவியது: மூன்று ஆண்டில் நாங்கள் இருக்க மாட்டோம். நிரந்தரக் கொடையாளி சொன்னால் அதை அச்சுறுத்தலாக எடுத்துக்கொள்வார்கள். இங்கே அது நாட்காட்டியில் இருந்த உண்மை.

இணைப்பில் எளிதாகத் தோன்றுவது சொத்துக் கணக்கு. உண்மையில் இழுப்பது அடையாளம். ரிஃபார்ம் பள்ளி முதல்வருக்கு ஆர்தடாக்ஸ் பெரும்பான்மையில் தன் குரல் கரையுமோ என்ற பயம். ஆர்தடாக்ஸ் பள்ளிக்கு ஹலாகா என்ற யூதச் சமயச் சட்டம் பற்றிய கேள்விகளைப் பொதுமேடையில் விவாதிக்க வேண்டியிருக்குமோ என்ற பயம். சேவையை ஒன்றாக்கி, பிரிவுவாரி வலையங்களை உள்ளே தனித்து வைத்தால்தான் ஐந்து குழுக்களும் கையெழுத்திடும். இணைந்த முதல் இரண்டு ஆண்டில் செலவு குறையாது, கூடும். பணிநீக்க ஈட்டுத்தொகை, புது மென்பொருள், புதுப்பெயர், வழக்கறிஞர் என்று போகும். அந்தச் செலவுக்குத் தனி மானியம் வைக்காத இணைப்புகள் திட்டப் பணத்தைத் தின்றுவிடும்.

முகாம்களில் நிலைமை வேறு. 1998இல் தொடங்கிய ஃபவுண்டேஷன் ஃபார் ஜூயிஷ் கேம்ப் என்ற ஒரே மைய அமைப்பு ஏற்கெனவே பல கொடையாளிகளோடு வளர்ந்திருந்தது. அவி ஹாய் அங்கே முகாம் வழிநடத்துநர்களின் யூத அறிவை வளர்க்கும் பயிற்சிகளுக்குப் பணம் தந்தது. பல கைகள் தாங்கிய இடத்தில் ஒரு கை விலகுவது தாங்கக்கூடியதாக இருந்தது.

ஜெருசலேம்

இஸ்ரேல் அலுவலகம் பிரதமர் ராபின் கொலைக்குப் பின் 1996இல் ஸவ் பியூஸ் என்ற முயற்சியைத் தொடங்கியது. மதச்சார்புள்ளோரும் மதச்சார்பற்றோரும் ஒரே பள்ளியில், ஒரே அக்கம்பக்கத்தில் பேசிப் பழக வழிசெய்வது அதன் வேலை. ஜெருசலேமின் கிங் ஜார்ஜ் தெருவில் பெய்த் அவி ஹாய் பண்பாட்டு மையம் 2007இல் திறக்கப்பட்டது. மானியம் தருவது நின்ற பிறகும் அது நடக்கிறது. கட்டடம் விட்டுச் செல்வது பற்றி அறப்பணி உலகில் இரண்டு கருத்து உண்டு. கட்டடம் ஆண்டுதோறும் பராமரிப்பைக் கேட்கும். அதற்கான நிதியைத் தனியே ஒதுக்காமல் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போவது பரிசாகாது.

ஆட்களும் தாள்களும்

மூடும் தேதி தெரிந்ததும் நல்ல அலுவலர்கள் வேறு வேலை தேடத் தொடங்குவார்கள். அதைத் தடுக்க ஒரே வழி, எந்தப் பதவி எந்த மாதம் முடிகிறது என்பதை மூன்று ஆண்டுக்கு முன்பே எழுத்தில் தந்து, அந்த மாதம்வரை இருந்தால் மட்டும் கிடைக்கும் தொகையை ஒப்பந்தத்தில் சேர்ப்பது. ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற வழக்கமான கணக்கு போதாது. வேலை கிடைத்தவர் கிளம்பிவிடுவார். புதுத் திட்டம் தேடும் அலுவலர்கள் முதலில் போகலாம். கடைசிவரை தேவைப்படுவோர் கணக்காளர், மானிய ஒப்பந்தங்களைப் பார்ப்பவர், தலைமை நிர்வாகி ஆகிய மூவர்.

கடைசி மானியம் போன பிறகும் வேலை நிற்பதில்லை. அந்த ஆண்டின் வருமானவரிப் படிவம் அடுத்த ஆண்டில்தான் தாக்கலாகும், தணிக்கையும் அப்போதுதான். அறங்காவலர்கள் மீது பின்னாளில் வழக்கு வந்தால் காக்கும் பொறுப்புக் காப்பீட்டை மூடிய பிறகும் சில ஆண்டுக்கு முன்பணம் கட்டி வாங்கிவைக்க வேண்டும். பல ஆண்டு மானியங்களில் மிச்சமிருக்கும் தவணைகளை யார் சரிபார்த்து விடுவிப்பது என்பதைத் தொடரும் வேறொரு அறக்கட்டளையோடு எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும். பணம் தந்து உருவாக்கிய பாடநூல்களின் பதிப்புரிமை யாரிடம் போகிறது என்பது அதைவிட முக்கியம். எழுதிய ஆசிரியர், வெளியிட்ட அமைப்பு, அறக்கட்டளை ஆகிய மூவரும் உயிரோடும் பேசும் நிலையிலும் இருக்கும்போதே அது முடிவாக வேண்டும். அறக்கட்டளை சட்டப்படி கலைந்த பின், ஒரு பள்ளி அந்தப் பாடத்தை மறுபதிப்பிட அனுமதி கேட்டு எழுதும் கடிதத்தைப் பிரிக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.